ருஷ்யப் படைக்கலங்களும் எதிராளிகளின் கணிப்பும்

பகைவனுடைய படைக்கலத்தைக் குறைத்து மதிப்பிடுபவன் போர்க்களத்தில் உயிர்களை இழப்பான். மிகைப்படுத்தி மதிப்பிடுபவன் அமைதிக் காலத்திலேயே பொருளை இழப்பான். ருஷ்யாவின் படைத்துறைப் பொறியியலை எடைபோட்ட எதிராளி நாடுகள், எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்விரு தவறுகளையும் மாறிமாறிச் செய்துவந்துள்ளன. ருஷ்யா பின்தங்கிய நாடா, முன்னேறிய நாடா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற முடியாமைக்குக் காரணம் என்ன? அதனை வரலாற்றிலிருந்து சில சான்றுகள் கொண்டு ஆராய்தல் பொருத்தமாகும்.

1941ஆம் ஆண்டு யூன் மாதம் 22ஆம் திகதி ஜேர்மனியப் படைகள் சோவியத் எல்லையைக் கடந்தபோது, எதிர்த்து நிற்பது பழைய படைக்கலங்களையுடைய சேனை என்றே அவற்றின் தளபதிகள் எண்ணியிருந்தனர். சின்னாட்களில் அவர்கள் ரி-34 என்னும் தாங்கியை எதிர்ப்பட்டனர். அதன் கவசத் தகடுகள் சாய்வாக அமைக்கப்பட்டிருந்தன. சாய்ந்த தகட்டைத் துளைக்க வேண்டிய குண்டு, நேராக நிற்கும் தகட்டிலும் பார்க்க அதிக உருக்கைக் கடந்தாக வேண்டும். அன்றேல் தகட்டிற் பட்டு வழுக்கிச் சென்றுவிடும். ஜேர்மனியரின் 37 மில்லிமீற்றர் தாங்கியெதிர்ப்புத் துப்பாக்கி அக்கவசத்தை ஊடுருவ இயலாது தவித்தது. கதவைத் தட்டும் கருவி என்று ஜேர்மனியப் போர்வீரரே அதனை எள்ளி நகையாடினர். அகன்ற சங்கிலிப் பட்டைகள் ரி-34 தாங்கியைச் சேற்றிலும் பனியிலும் புதையாது கொண்டுசென்றன; டீசல் இயந்திரம் அதற்கு வேகமளித்தது.

இவ்வளவு சிறந்த தாங்கி இருந்தும் அவ்வாண்டில் சோவியத் படைகள் பெருந்தோல்விகளை அடைந்தது ஏன்? ரி-34 தாங்கிகளிற் பெரும்பாலானவற்றில் வானொலிக் கருவி இருக்கவில்லை. கோபுரத்தில் இருவருக்கே இடமிருந்தமையால், கட்டளையிடும் தலைவனே குறிபார்த்துச் சுடவும் வேண்டியிருந்தது. பற்சக்கரப் பெட்டி அடிக்கடி பழுதுற்றது. இவற்றுக்கெல்லாம் மேலாக, பயிற்சி பெற்ற ஓட்டுநர் போதியளவு இருக்கவில்லை. ஜேர்மனியத் தாங்கிகளோ கவசத்திற் குறைந்தவையாயினும், வானொலி மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு ஓருடல்போல் இயங்கின. தனிக் கருவியின் சிறப்பு வேறு, கருவிகள் இணைந்து இயங்கும் சிறப்பு வேறு என்பதை அந்த ஆண்டு காட்டிற்று.

எனினும் இறுதி வெற்றி எவ்வாறு வந்தது என்பதும் கருதத்தக்கது. சோவியத் அரசு தன் தொழிற்சாலைகளை யூரல் மலைப் பகுதிக்குப் பெயர்த்துச் சென்று, அங்கே ரி-34 தாங்கிகளைப் பல்லாயிரக்கணக்கில் உருவாக்கியது. அதற்கு மாற்றாக ஜேர்மனியர் அமைத்த பாந்தர் தாங்கி பல வகையிலும் நுட்பமானது. ஆனால் 1943 யூலையில் கூர்ஸ்க் களத்துக்கு வந்த அத்தாங்கிகளுட் பல இயந்திரக் கோளாறினால் வழியிலேயே நின்றுவிட்டன. விரைவாகச் செய்யக்கூடியதும், எளிதிற் பழுதுபார்க்கக்கூடியதுமான கருவியே நெடும்போரில் நின்று பிடிக்கும் என்ற பாடத்தை ருஷ்யப் பொறியியலாளர் அதன்பின் மறக்கவில்லை.

அடுத்த தவறு எதிர்த்திசையில் நேர்ந்தது. 1957 ஒக்டோபர் 4ஆம் திகதி, 83.6 கிலோகிராம் எடையுள்ள ஸ்புட்னிக் செய்மதி விண்ணிற் சுழன்றது. அதனை ஏற்றிச் சென்ற ஆர்-7 ஏவுகணை, கண்டம் விட்டுக் கண்டம் பாய்வதற்கென அமைக்கப்பட்டது. இயந்திரத்தில் அடைக்கும் இறைச்சிப் பண்டம்போல ஏவுகணைகளை உற்பத்தி செய்வதாகச் சோவியத் பிரதமர் குருஷ்சேவ் பெருமை பேசினார். அமெரிக்கா ஏவுகணைப் பலத்திற் பின்தங்கிவிட்டது என்ற அச்சம் 1960ஆம் ஆண்டுத் தேர்தலில் ஒரு பெரும் பிரச்சினையாயிற்று. உண்மையோ வேறாயிருந்தது. ஆர்-7 ஏவுகணையில் ஒட்சிசனைத் திரவமாக நிரப்பவேண்டும். நிரப்பியபின் நெடுநேரம் வைத்திருத்தல் இயலாது. ஏவுதளமோ மிகப் பெரியது. வானிலிருந்து படம் பிடிக்கும் கொரோனா செய்மதிகளை 1960 ஓகஸ்டு முதல் அமெரிக்கா பயன்படுத்தத் தொடங்கிய பின்னர், உண்மை தெளிவாயிற்று. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகளுக்கான சோவியத் ஏவுதளங்கள் 10 முதல் 25 வரையே இருக்கலாம் என 1961 செப்டெம்பரில் அமெரிக்கப் புலனாய்வுத் துறை மதிப்பிட்டது. முன்னணியில் நின்றது அமெரிக்காவே. ஆயினும் அதற்குள் புதிய ஏவுகணைத் திட்டங்கள் வேகம் பெற்றுவிட்டன, போட்டி தணியவில்லை.

மூன்றாவது சான்று மிக்-25 போர்விமானம். 1967ஆம் ஆண்டு மொஸ்கோவுக்கு அண்மையில் நடந்த விமானக் காட்சியில் அதனைக் கண்ட மேலைநாட்டு வல்லுநர், பெரிய சிறகுகளையும் அகன்ற காற்றுவாய்களையும் நோக்கி, வேகத்திலும் வளைந்து திரும்பும் திறத்திலும் இணையற்ற விமானம் இது என்று கருதினர். அமெரிக்காவின் எப்-15 விமானத் திட்டத்துக்கு அந்த அச்சமும் ஓர் உந்துகோலாயிற்று. 1976 செப்டெம்பர் 6ஆம் திகதி, விக்டர் பெலென்கோ என்னும் சோவியத் விமானி ஒரு மிக்-25 விமானத்துடன் தப்பியோடி, யப்பானின் ஹக்கொடாட்டே விமான நிலையத்தில் இறங்கினார். விமானம் பிரித்து ஆராயப்பட்டபின், பெட்டிகளில் அடைத்துச் சோவியத் நாட்டிடம் திருப்பி அளிக்கப்பட்டது.

ஆராய்ந்தோர் வியப்புற்றனர். விமானத்தின் பெரும்பகுதி அரிய தைத்தேனியத்தால் அன்றி, நிக்கல் கலந்த உருக்கினால் ஆக்கப்பட்டிருந்தது. ராடார் கருவியில், பழைய வானொலிப் பெட்டிகளில் ஒளிர்ந்த வால்வுகள் போன்ற வெற்றிடக் குழாய்கள் இருந்தன. மிகு வேகத்திற் பறந்தால் இயந்திரங்கள் பழுதுறும். மேலும், அது வளைந்து திரும்பிப் போரிடும் விமானமன்று. உயரப் பறக்கும் குண்டுவீச்சு விமானத்தை நேராக விரைந்து சென்று மறிப்பதற்கானது. இதனைக் கேட்டுச் சிலர் நகைத்தனர். அந்த நகைப்பும் மற்றொரு தவறேயாகும். வேகத்தால் எழும் வெப்பத்தை உருக்குத் தாங்கும். அதனை ஒட்டவைத்து இணைப்பதும் எளிது. வெற்றிடக் குழாய்கள் அளித்த பெருவலு, எதிரியின் வானொலித் தடையையும் ஊடுருவவல்ல ராடார் கற்றையைத் தந்தது. தம்மிடமில்லாத பொருளுக்காகக் காத்திராது, உள்ளதைக் கொண்டு குறித்த வேலையைச் செய்து முடித்தனர் ருஷ்யர். ஆயினும் நுண்ணிலத்திரனியலில் அந்நாடு பின்தங்கியிருந்தமை உண்மை. அக்குறை பின்னரும் நீங்கவில்லை.

2022 பெப்ருவரியில் உக்ரேன்மீது ருஷ்யா முழு அளவிலான படையெடுப்பை ஆரம்பித்தபோது, சில தினங்களில் போர் முடிந்துவிடும் எனப் பலர் எதிர்பார்த்தனர். அது நிகழவில்லை. அவ்வாண்டு ஏப்ரலில் கருங்கடற் படையின் தலைமைக் கப்பலான மொஸ்க்வா மூழ்கியது. வெல்லற்கரியதெனப் புகழப்பட்ட கின்சால் ஏவுகணையை அமெரிக்கத் தயாரிப்பான பேட்ரியட் கருவியால் வீழ்த்தியதாக 2023 மே மாதத்தில் உக்ரேன் அறிவித்தது. அமெரிக்காவும் அதனை உறுதிசெய்தது. வீழ்ந்த ருஷ்ய ஏவுகணைகளிலே மேலைநாட்டு நுண்ணிலத்திரனியற் பாகங்கள் காணப்பட்டன.

இவற்றைக் கண்டோர் ருஷ்யா வலுவிழந்தது என்று முடிவுகட்ட முற்பட்டனர். ஆனால் ருஷ்யரோ தம் பழைய வழிக்கே திரும்பினர். கிடங்குகளிற் கிடந்த பழைய குண்டுகளுக்குச் சிறகும் வழிகாட்டும் கருவியும் பொருத்தி, தொலைவிலிருந்தே வீசத் தொடங்கினர். செய்மதியின் வழிகாட்டலை நம்பிய அமெரிக்கப் பீரங்கிக் குண்டுகளை வானொலித் தடையினால் குறிதவறச் செய்தனர். மலிவான ஆளில்லா விமானங்களைப் பெருந்தொகையில் உற்பத்தி செய்தனர்.

ஆகவே, ருஷ்யப் படைக்கலங்களை மதிப்பிடுவோர் அணிவகுப்பில் வரும் ஒரு கருவியை மட்டும் நோக்கி முடிவு கூறலாகாது. அக்கருவி எவ்வேலைக்காக ஆக்கப்பட்டது, எத்தனை ஆக்கமுடியும், பழுதுற்றால் எவ்வளவு விரைவிற் சீர்செய்யலாம், அதனை இயக்குவோர் பயிற்சி எத்தகையது என்ற கேள்விகளையும் எழுப்புதல் வேண்டும். அச்சம் இக்கேள்விகளை மறைக்கிறது. செருக்கும் அவ்வாறே மறைக்கிறது. அவற்றால் விளையும் பிழையின் விலையைக் கொடுப்போர் கணித்த அறிஞரல்லர். களத்தில் நிற்கும் இளைஞரும், வரி செலுத்தும் பொதுமக்களுமே ஆவர்.