பூட்டு பாதுகாப்பு ஆகாது



17 வயதில் நான் தங்கிய மில் விடுதியை வெளியே பூட்டுவார்கள். கேட்டால், "பொம்பளப் புள்ளைங்க பாதுகாப்பு" என்பார்கள். பூட்டியது எங்களை, சூப்பர்வைசரை அல்ல.

2021 ஜனவரியில், திருப்பூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் திண்டுக்கல் ஆலையில் தைத்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். கைதானவர் அவருடைய சூப்பர்வைசர்.

தலித் பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. எச் அண்ட் எம் நிறுவனமும் ஒப்பமிட்டது. அதன்படி, லைனில் உட்காரும் பெண்களே பயிற்சி பெற்று வன்முறையைக் கண்காணித்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்றானது. மீறினால் ஆர்டருக்கே ஆபத்து என்றிருந்தது.

ஓர் உயிர் போனபின் ஒரு நிறுவனத்தில் கிடைத்த இந்த உரிமை, திருப்பூரின் மற்ற கம்பெனிகளில் உயிர் போகும் முன்பே கிடைக்க வேண்டும். அதற்குச் சங்கம் வேண்டும். சேருங்கள்!