கட்டிலருகே வேண்டிய தமிழ்
(களுபோவிலவில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரை)



அரசியல் மேடையில் நோயைப் பற்றிப் பேச்சு எதற்கு என்று கேட்ட நண்பர் ஒருவர் இச்சபையிலேயே அமர்ந்திருக்கிறார். இவ்வூரிலுள்ள கொழும்பு தெற்குப் போதனா வைத்தியசாலை வாசலில் ஒரு காலைப்பொழுது நின்று பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்கிறோம். வெள்ளவத்தையிலிருந்து தகப்பனை ஓட்டோவில் தாங்கிவரும் மகனையும், யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்திறங்கிய தாயையும் அங்கே காணலாம். அவர்களுடைய துயரம் அரசியலுக்குப் புறம்பானது என்று நாம் கருதவில்லை.

1953ஆம் ஆண்டு யூன் மாதம் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சிலைப் பாரிசவாதம் தாக்கிற்று. நாட்டுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள். ஒக்டோபரில் மார்கேற் நகரில் கூடிய கட்சி மாநாட்டில் அவர் எழுந்து நின்று உரையாற்றினார். அவருக்குத் தனி வைத்தியர் இருந்தார், தாதியர் இருந்தனர், ஓய்ந்திருக்க நாட்டுப்புற மாளிகையும் இருந்தது. புகையிலைத் தோட்டத்தில் விழுந்த கமக்காரனுக்கு மனைவியும் மக்களுமே உளர்.

முதல் மணிநேரங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். வாய் கோணினால், ஒரு கை சோர்ந்து விழுந்தால், பேச்சுக் குழறினால், எண்ணெய் பூசி விடியும்வரை பார்த்திருத்தல் பெருந்தவறு. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றவேண்டும். அதற்குமுன் மூளையை ஸ்கான் செய்து, இரத்தக் கசிவில்லை என்று உறுதிப்படுத்தவும் வேண்டும். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி வடக்குக்கும் வந்துவிட்ட சுவசெரிய வண்டியை 1990 என்ற எண்ணில் அழையுங்கள், கட்டணமில்லை. விழுங்க முடிகிறதா என்று வைத்தியர் பார்க்குமுன் சோடாவோ தண்ணீரோ பருக்காதீர்கள்.

இனி, நாம் சொல்ல வந்ததற்கு வருவோம்.

நம் கட்சிக்காரர் ஒருவர். பெயரும் இடமும் வேண்டாம். முப்பது ஆண்டு அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். சிங்களத்தைச் சரளமாகப் பேசியவர். வலப்பக்கம் வழங்காமற் போனபோது பேச்சும் போயிற்று. சிங்களத்தில் கேட்ட கேள்விகளுக்கு அவர் வெறித்துப் பார்த்தார். எதுவும் விளங்கவில்லை என்று எழுதிவிட்டார்கள். மூன்றாம் நாள் மகள் வந்து, "அப்பா, கையைத் தூக்குங்கோ" என்றாள். இடக்கை மெல்ல உயர்ந்தது!

பல மொழி பேசுவோருக்கு நோயின்பின் எம்மொழி முதலில் மீளும்? மிகப் பழகிய மொழியே என்றார் பித்ரே என்னும் பிரெஞ்சு வைத்தியர், 1895இல். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை என்பதையும் பின்வந்தோர் கண்டனர். ஆகவே நோயாளியை அவருடைய எல்லா மொழிகளிலும் சோதித்தல் முறை. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் தமிழைப் புறந்தள்ளிற்று. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. ஏட்டிலுள்ள அவ்வுரிமை கட்டிலருகே வந்து சேரவில்லை. தமிழில் பேச்சுப் பயிற்சி அளிப்போர் இந்நாட்டில் போதாது என்பதை அத்துறையினரே அறிவர்.

அந்த மனிதருக்கு இன்னோர் ஆபத்தும் காத்திருந்தது. எதுவும் விளங்காதவர் என்ற குறிப்பை வைத்துக்கொண்டே, காணி உறுதிக்குப் பெருவிரல் அடையாளம் பெற உறவினர் ஒருவர் நொத்தாரிசைத் தேடினார். தெளிவில்லாதவரிடம் பெற்ற கைநாட்டு வழக்கில் நில்லாது. அவரிடமிருந்து அற்றோணித் தத்துவமும் பெற இயலாது. ஆனால் நா எழாதவரெல்லாம் அறிவிழந்தவர் அல்லர். விளங்கிக்கொண்டு தலையசைப்பவரின் விருப்பத்தை அவருடைய மொழியில் கேட்டறியாமல் அவருக்காக முடிவு செய்தல், உயிரோடிருப்பவருக்கு மரணசாதனம் எழுதுவதற்கு ஒப்பாகும். வைத்தியரின் கருத்தை எழுத்தில் பெறுங்கள். அதுவரை உறுதிகள் பெட்டியிலேயே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்தபின் பாரம் யார் தலையில்? பெரும்பாலும் மூத்த மகளின் தலையில்! இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைப்பவள் அவள். காலுக்கும் கைக்கும் பயிற்சி கொடுப்பவள் அவள். ஈற்றில் உத்தியோகத்தை விடுபவளும் அவளே. ரொறன்ரோவிலிருந்து தம்பி பணம் அனுப்புகிறார், வாரந்தோறும் தொலைபேசியில் ஆலோசனையும் அனுப்புகிறார். (சபையில் சிரிப்பு.) அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசமாயினும், போக்குவரத்தும் அணையாடையும் காற்று மெத்தையும் இழந்த சம்பளமும் இலவசமல்ல. பெற்றோரைப் புறக்கணித்தலாகாது என்கிறது 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம். ஆண்மக்களும் பிள்ளைகளே என்பதை நினைவூட்டச் சட்டம் தேவைப்படுவது நமக்கு வெட்கம். இரவுகளைப் பங்கிடுங்கள், கணக்கை எல்லோரும் பார்க்க எழுதிவையுங்கள்.

விடுதிதோறும் தமிழறிந்த ஊழியர் வேண்டும் என்ற கோரிக்கையை நாம் எழுத்தில் கொடுப்போம். விடை வரும்வரை நோயாளர் காத்திருக்க முடியாது. பார்வையாளர் நேரத்தில் சென்று, அனுமதி பெற்று, மொழி பெயர்த்துதவ ஆட்கள் தேவை. வாசலருகே மேசையில் ஒரு கொப்பி இருக்கிறது. பெயரையும், வரக்கூடிய நாளையும் மணியையும் அதில் எழுதிவிட்டுச் செல்லுங்கள்.