100 ஆக்டேன் போட்டால் பவர் ஏறுமா?

இன்றைய எபிசோட் முழுக்க ஒரே ஒரு நேயர் கேள்விதான். "அண்ணா, என்கிட்ட 2.0 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் இருக்கு. நூறு ஆக்டேன் போட்டா பவர் ஏறும்ங்கறாங்க, இன்ஜினுக்கும் நல்லதுங்கறாங்க. ஸ்டேஜ் 1 டியூன் பண்ணவும் யோசிச்சுட்டு இருக்கேன். போடலாமா?" இதுக்குள்ள மூணு கேள்வி இருக்கு. மூணுக்கும் பதில் வேற வேற.

முதல்ல ஆக்டேன்னா என்னன்னு பார்த்துடலாம். அது பெட்ரோலில் இருக்கும் எனர்ஜியின் அளவு இல்லை. அழுத்தமும் சூடும் ஏறும்போது, தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. ஐசோ ஆக்டேனுக்கு 100, நார்மல் ஹெப்டேனுக்கு 0 என்று வைத்துக்கொண்டு, ஒரு டெஸ்ட் இன்ஜினில் ஓட்டிப் பார்த்து எண் கொடுக்கிறார்கள். எத்தனாலை எடுத்துக்கோங்க. அதன் ஆக்டேன் 108 பக்கம். ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எனர்ஜி, பெட்ரோலை விட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கம்மி. அதனால் ஆக்டேனும் எனர்ஜியும் ஒன்றுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஒரு சின்ன எச்சரிக்கை. அமெரிக்க யூடியூப் வீடியோவில் "91 போட்டேன், 93 போட்டேன்" என்பார்கள். அவங்க பங்கில் எழுதியிருப்பது இரண்டு டெஸ்ட் முறைகளின் சராசரி. நம்ம பங்கில் இருப்பது ரிசர்ச் ஆக்டேன். அவங்க 91 நம்ம கணக்கில் 95, 96 வரும். அவங்க 87 தான் நம்ம பழைய 91.

சரி, இன்ஜினுக்குள்ள போவோம். பிஸ்டன் மேலே வந்து முடிவதற்குக் கொஞ்சம் முன்னாடியே ஸ்பார்க் பிளக் தீப்பொறி கொடுக்கிறது. தீ நடுவில் இருந்து ஓரத்துக்குப் பரவணும், அதுக்கு நேரம் வேணும். உச்ச அழுத்தம் பிஸ்டன் கீழே இறங்க ஆரம்பித்த பிறகு சரியான இடத்தில் வந்தால்தான் தள்ளு முழுசாகக் கிடைக்கும். ஆனால் தீ போய்ச் சேர்வதற்குள், ஓரத்தில் எரியாமல் இருக்கும் கலவை நசுங்கிச் சூடாகித் தானாகவே வெடித்துவிட்டால்? அதுதான் நாக்கிங். சிலிண்டருக்குள் அழுத்த அலை மோதுகிறது, சுத்தியலால் தட்டுற மாதிரி. நேயர் வைத்திருக்கும் சைஸ் இன்ஜினில் அந்தச் சத்தம் 6, 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். பிளாக்கில் போல்ட் போட்டு வைத்திருக்கும் நாக் சென்சார் இதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

இனிமே நம்ம ஏரியா. ஈசியூ என்பது ஒரு ஃபீட்பேக் லூப். நாக் கேட்டதும் அந்த சிலிண்டருக்கு மட்டும் தீப்பொறியைச் சில டிகிரி தள்ளிப்போடும். சத்தம் நின்றதும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப முன்னாடி கொண்டுவரும். டேஷ்போர்டில் லைட் எரியாது, உங்களுக்குத் தெரியவே தெரியாது. பவர் மட்டும் குறைஞ்சிருக்கும். சர்வர் லோடு தாங்காமல் சத்தமில்லாமல் ஸ்பீடைக் குறைத்துக்கொள்வது போல. ஆனால் இந்த லூப் மேலே ஏறுவதற்கு ஒரு உச்சவரம்பு இருக்கு. கம்பெனி எழுதிய டேபிளில் இருக்கும் எண்ணைத் தாண்டி அது போகாது. நீங்க 100 போட்டாலும் சரி, விமானப் பெட்ரோலே போட்டாலும் சரி.

விமானம்னதும் சொல்லணும், இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் அங்கேதான் இருக்கு. 1940, பிரிட்டன் வான்போர். ஸ்பிட்ஃபயரில் இருந்தது ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் இன்ஜின். 87 ஆக்டேனில் அதன் சூப்பர்சார்ஜர் பூஸ்டுக்கு ஆறேகால் பவுண்ட் தான் லிமிட். 100 ஆக்டேன் வந்ததும் 12 பவுண்ட் வரை ஏற்றினார்கள். சுமார் 1030 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின் 1300ஐத் தாண்டியது. ஆனால் டேங்கில் ஊற்றியதும் இது நடக்கவில்லை. பூஸ்ட் கன்ட்ரோலை மாற்றி அமைத்த பிறகுதான் நடந்தது. பெட்ரோல் அனுமதி கொடுத்தது. பவர் கொடுத்தது கூடுதல் காற்று.

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். உங்க கார் 95க்காக எழுதப்பட்டது, நீங்க 95 போடுறீங்க, காலை நேரம், காற்று குளிர்ச்சியா இருக்கு என்றால், 100ஆல் பெருசா எதுவும் கிடைக்காது. மே மாசம், மதியம், டிராஃபிக்கில் நின்று இன்டர்கூலர் சூடேறிக் கிடக்கும்போது கதை வேற. அப்போ ஈசியூ ஏற்கெனவே டைமிங்கைக் குறைத்து வைத்திருக்கும். 100 போட்டால் இழந்ததில் ஒரு பகுதி திரும்ப வரும். புதுசா எதுவும் வராது. நம்ம ஊரில் இப்போ வரும் இ20 பெட்ரோலே 95 ரிசர்ச் ஆக்டேன் என்று பெட்ரோலிய அமைச்சகம் சொல்கிறது. அதனால் ஆக்டேனை மட்டும் பார்த்து 95 பிரீமியத்துக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் எனக்குப் பெரிய நியாயம் தெரியவில்லை. 100 ஆக்டேனை இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் கொண்டுவந்தபோது லிட்டர் 160 ரூபாய். அதை வாங்குறதுக்கு முன்னாடி ஒருதரம் கணக்குப் போட்டுப் பாருங்க.

ரெண்டாவது, இன்ஜின் ஆரோக்கியம். நாக்கிங் தொடர்ந்தால் பிஸ்டன் ரிங்குகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய பகுதி உடையலாம், ஹெட் கேஸ்கெட் போகலாம். ஆனால் நாக்கே இல்லாத இன்ஜினுக்கு ஆக்டேன் கூடுதல் பாதுகாப்பு எதுவும் தராது. சுத்தம் செய்வது டிடர்ஜென்ட் அடிட்டிவ், அது தனி விஷயம். இன்னொன்று, டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் வரும் ப்ரீ இக்னிஷன். இங்கே ஸ்பார்க்குக்கு முன்னாடியே கலவை பற்றிவிடுகிறது. ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டு என்ன பிரயோஜனம்? அதனால் லூப் உங்களைக் காப்பாற்றாது, ஒரே அடியில் பிஸ்டன் போகலாம். இதுக்கு முதல் மருந்து ஆயில். ஏபிஐ எஸ்பி தரத்தில், கம்பெனி சொன்ன ஆயில் ஊற்றுங்க. அப்புறம், ஆறாவது கியரில் 1400 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை முழுசா மிதிக்காதீங்க. கியரை இறக்கிட்டு மிதிங்க.

மூணாவதுதான் உண்மையிலேயே முக்கியம், டியூன். டியூனர் செய்வது மெர்லினில் செய்ததேதான், பூஸ்டையும் டைமிங்கையும் ஏற்றுவது. கம்பெனி விட்டு வைத்திருந்த இடைவெளியை அவர் செலவு செய்கிறார். மேப் 100க்கு எழுதியிருந்து, ராத்திரி ஹைவேயில் சாதா பெட்ரோல் மட்டும் கிடைத்தால் என்ன ஆகும்? நாக் கன்ட்ரோல் இருக்கேன்னு நினைப்பீங்க. அது நாக் நடந்த பிறகுதான் வேலை செய்யும், எவ்வளவு டிகிரி குறைக்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. அதனால் டியூனரிடம் முதல் கேள்வி "எத்தனை ஹார்ஸ்பவர்?" இல்லை, "எந்தப் பெட்ரோலுக்கு எழுதுன மேப்?" என்பதுதான். 95க்கு எழுதச் சொல்லுங்க. கொஞ்சம் பவர் குறையும், பரவாயில்லை.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டில் பற்றியும் கேட்பீங்க. "5 பாயின்ட் ஏறும்" என்று லேபிளில் இருந்தால் பெரும்பாலும் அர்த்தம் 0.5 ஆக்டேன்தான். பத்து பாயின்ட் சேர்ந்தால்தான் ஒரு எண்.

சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்க. ஓபிடி அடாப்டர், லாக் எடுக்கும் ஆப், ஆள் இல்லாத ரோடு. ஒரே கியர், ஒரே ஆர்பிஎம் ரேஞ்ச், முடிந்தவரை ஒரே வெயில். பழைய பெட்ரோல் டேங்கில் மிச்சம் இருக்கும், அதனால் இரண்டாவது டேங்கில் எடுக்கும் லாக்கை நம்புங்க. லாக் எடுத்தவங்க எனக்கு அனுப்புங்க, சேர்த்து வைத்து ஒரு எபிசோட் பண்ணலாம். சிலிண்டர் வாரியாக டைமிங் கரெக்‌ஷனும், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் அதில் இருக்கணும். "வண்டி நல்லா இழுக்குதுண்ணா" மட்டும் அனுப்பாதீங்க.