ஆறு ஆண்டுகள் மூடிக் கிடந்த பனித்தளம்

(அறக்கட்டளையின் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



நம் பழைய மண்டபத்தைப் புதுப்பிக்கும் விஷயம் இன்று உங்கள் முன் வருகிறது. அதற்கு முன், பொதுமக்கள் நேசித்த ஓர் இடத்தைப் பழுதுபார்க்கப் போய் ஒரு பெரிய நகரமே திணறிய கதையைச் சொல்ல விரும்புகிறோம். ஐஸ் தரையில் சறுக்கி விளையாடும் பனித்தளம் அது. நம் ஊர் வெயிலுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் சிரிக்கலாம். சற்றுப் பொறுங்கள்.

நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க்கில் இருக்கிறது வோல்மன் பனித்தளம். கேட் வோல்மன் என்ற பெண்மணி தம் குடும்பத்தார் நினைவாக 6 லட்சம் டாலர் கொடுத்தார். 1950இல் அது திறக்கப்பட்டது. சுற்றிலும் வானளாவிய கட்டடங்கள், நடுவே திறந்தவெளியில் ஐஸ் தரை. குளிர்காலம் வந்தால் பிள்ளைகளும் பெரியவர்களும் அங்கேதான். முப்பது ஆண்டு உழைப்பில் அது தேய்ந்துபோனது. 1980இல் புதுப்பிக்கவென்று மூடினார்கள். இரண்டு ஆண்டு வேலை என்பது கணக்கு.

ஐஸ் தரை எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கான்கிரீட் தரைக்குள் வரிவரியாகக் குழாய்கள் ஓடும். குழாய்க்குள் கடுங்குளிரான திரவம் சுற்றும். தரையின் மேல் தண்ணீரை மெல்லிய படலமாக விட்டு விட்டு உறையவைப்பார்கள். அந்தத் திரவம் பெரும்பாலும் உப்புக்கரைசல்தான். நம் கடற்கரை ஊர்களின் ஐஸ் பாக்டரிகளில் தண்ணீர் நிரப்பிய டின்களை உப்புநீர்த் தொட்டியில் இறக்கி வைக்கிறார்களே, அதே முறை. மீன் வியாபாரம் செய்யும் நம் சகோதரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நியூயார்க்கில் மின்சாரச் செலவு மிச்சமாகும் என்று எண்ணி, உப்புக்கரைசலுக்குப் பதிலாக ஃப்ரீயானை நேரே குழாயில் விடும் முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளச் செப்புக்குழாய் பதித்துக் கான்கிரீட்டும் போட்டாயிற்று. பிறகு பார்த்தால் கசிவு. ஃப்ரீயான் அழுத்தத்தோடு ஓடுவது. ஊசித் துளை போதும், வெளியேறிவிடும். துளையோ கான்கிரீட்டுக்கு அடியில். ஓரிடத்தில் அடைத்தால் இன்னோரிடத்தில் கசியும். ஆண்டுகள் ஓடின. 1986இல் மாநகராட்சியே, இது தேறாது, முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. அதற்குள் 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல் போய்விட்டிருந்தது. தளம் திறக்கவில்லை.

யாரும் பணத்தை அள்ளிக்கொண்டு போனதாக நாம் சொல்ல வரவில்லை. சிக்கல் வேறு. அம்மாநிலச் சட்டப்படி பொதுக் கட்டட வேலையில் பிளம்பிங், மின்சாரம், வெப்ப வேலை, கட்டுமானம் எல்லாவற்றுக்கும் தனித்தனி ஒப்பந்தக்காரர்கள். போட்டி இருக்கட்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் தரை கசிந்தால் யாரைக் கேட்பது? அவர் இவரைக் காட்டுவார், இவர் அவரைக் காட்டுவார். முழுத் தளத்துக்கும் நான் பொறுப்பு என்று சொல்ல ஒருவர் இல்லை.

அப்போதுதான் கட்டட வணிகர் ஒருவர், செலவை 30 லட்சம் டாலருக்குள் முடித்து அந்தக் குளிர்காலத்துக்கே திறந்து தருகிறேன் என்று முன்வந்தார். டொனால்ட் டிரம்ப்தான் அவர். (அவருடைய பிற்கால அரசியலை இன்று விட்டுவிடுவோம், அதைப் பேச ஆரம்பித்தால் மக்ரிப் ஆகிவிடும்.) ஐஸ் தளம் கட்டித் தேர்ந்த கனடாக்காரர்களைக் கலந்துகொண்டார், பழையபடி உப்புக்கரைசல் முறைக்கே திரும்பினார். 1986 நவம்பரில் தளம் திறந்தது, செலவும் சொன்ன தொகைக்குள் நின்றது. அவர் பெயர் பெரிதாகப் பரவியது. பணம் மாநகராட்சியுடையது என்பதையும், தனி ஒப்பந்தச் சட்டம் அவரைக் கட்டுப்படுத்தவில்லை என்பதையும் பலர் மறந்துவிட்டார்கள். அந்தக் கட்டு அவருக்கும் இருந்திருந்தால் இவ்வளவு வேகம் வந்திருக்குமா என்பது நமக்குச் சந்தேகமே.

இப்போது நம் மண்டபம். கொடுத்தவர்களின் பணம் நம்மிடம் அமானிதம். மேற்கூரைக்கு ஒருவர், வயரிங்குக்கு ஒருவர், தண்ணீர்க் குழாய்க்கு ஒருவர் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் பிரித்துக் கொடுக்கலாம் என்ற யோசனை வந்திருக்கிறது. எண்ணம் நல்லதுதான். ஆனால் நாங்கள் அதற்கு உடன்படவில்லை. ஒரே பொறியாளர் முழு வேலைக்கும் கையெழுத்துப் போட வேண்டும். குழாயையும் வயரையும் சோதித்துப் பார்க்காமல் சுவரைப் பூசி மூடக் கூடாது. ஒவ்வொரு கட்டம் முடிந்த பிறகே அடுத்த தொகை. புது முறை ஏதாவது மிச்சம் என்று யாராவது சொன்னால், அது ஓடிக்கொண்டிருக்கும் ஓர் இடத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசுவோம்.

இந்த நான்கையும் தீர்மானமாக எழுதி மேசையில் வைத்திருக்கிறோம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இப்போதே எழுந்து சொல்லலாம். கமிட்டிக்கான பெயர்களை அஸர் தொழுகைக்குப் பின் எடுத்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.