ஓதத் தெரிந்த நமக்கு அரபி புரிய வேண்டாமா?

(வெளிநாடு செல்லவிருக்கும் இளைஞர்களுக்கும் பெற்றோருக்கும் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பிள்ளையை சவூதிக்கு அனுப்ப நாம் நகையை அடகு வைக்கிறோம், கடன் வாங்குகிறோம். ஆனால் அவன் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. ஒப்பந்தம் இரண்டு மொழிகளில் இருந்து, ஒன்றுக்கொன்று முரண்பட்டால், சவூதி தொழிலாளர் சட்டப்படி அரபியில் உள்ளதே செல்லும். ஏஜெண்ட் வாயால் சொன்னதை நம்பிப் போனவன் அங்கே என்ன செய்வான்?

அரபி கற்க நிறையச் செலவாகும் என்று தயங்க வேண்டாம். மக்தபில் ஓதிய பிள்ளைக்கு எழுத்து தெரியும், உச்சரிப்பும் தெரியும். நிகாஹ் மஜ்லிஸில் நாம் கேட்கும் 'அக்து' என்ற சொல்தான் வேலை ஒப்பந்தத்துக்கும். குறைவது பொருளும் பழக்கமும்தான்.

முதலில் புத்தகம். வாணியம்பாடியில் பிறந்து, மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் அரபி கற்பித்த டாக்டர் வி. அப்துர் ரஹீம் எழுதிய 'துரூஸுல் லுகத்தில் அரபிய்யா' நூலை எடுங்கள். அரபி தெரியாதவர்களுக்காகவே எழுதப்பட்டது. அதன் பாட விளக்கங்கள் இணையத்தில் காணொளியாக இலவசமாகவே கிடைக்கின்றன. நான்கு பேர் சேர்ந்தால் ஒரு புத்தகம், ஒரு போன் போதும். மஃரிபுக்குப் பின் தினம் அரை மணி நேரம் உட்காருங்கள். ஐயம் வந்தால் நம் ஹஸ்ரத்மார்களிடம் கேளுங்கள். பெண்களுக்கு, ஆலிமா படித்த சகோதரிகள் இருக்கிறார்கள்.

அடுத்து பேச்சு. புத்தகத்தில் 'எங்கே' என்பதற்கு 'அய்ன', கடைத்தெருவில் 'வேன்'. இதைச் சொல்லித்தர, பல ஆண்டுகள் அங்கே உழைத்துத் திரும்பியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் அவர்களோடு அமருங்கள்.

மூன்றாவது, காகிதம். ஒப்பந்தத்தில் ஜபர், ஜேர், பேஷ் இருக்காது. 'ராதிப்' என்றால் சம்பளம், 'இஜாஸா' என்றால் விடுப்பு. இப்படி ஐம்பது சொற்களைக் குறியீடு இல்லாமல் படித்துப் பழகுங்கள். முழு ஒப்பந்தமும் புரியாவிட்டாலும், எந்த இடத்தில் நிறுத்திக் கேட்க வேண்டும் என்பது தெரியும்.

வந்த கடிதங்களைப் படிக்கப் பிறரை நம்பியிராமல், அந்த மொழியைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஸைது இப்னு ஸாபித் (ரலி) அவர்களைப் பணித்தார்கள். அரை மாதத்திற்குள் அவர் கற்றார் என்று திர்மிதியில் வருகிறது. நாம் ஆறு மாதம் எடுத்துக்கொள்வோம். விசா வரும்வரை காத்திருக்காமல், இன்றே பெயர் கொடுங்கள். இன்ஷா அல்லாஹ், நம் பிள்ளைகள் படித்துப் பார்த்துக் கையெழுத்திடட்டும்.

வஸ்ஸலாம்.