பழைய பிக்கப் வண்டி வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

நிலத்தில் விளைவிப்பது பாதி வேலை. விளைந்ததை உரிய வேளையில் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பது மறுபாதி. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகவேண்டிய தக்காளி ஒரு நாள் வழியில் நின்றுவிட்டால் அதன் மதிப்பு என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. விடியுமுன் தோவாளையில் இருக்கவேண்டிய பூ, வெயில் ஏறியபின் போய்ச் சேர்ந்தால் அதற்கு விலை சொல்வாரும் இல்லை. ஆகவே, சிறு பாரவண்டி ஒன்று இன்று கலப்பையைப் போலவே விவசாயக் கருவியாகிவிட்டது.

புதிய வண்டி வாங்கும் சக்தி எல்லோருக்கும் இல்லை. 2005ஆம் ஆண்டில் டாட்டா ஏஸ் வண்டியும், 2011ஆம் ஆண்டில் ஓசூரில் உற்பத்தியாகும் அசோக் லேலண்டு தோஸ்த் வண்டியும் வெளிவந்தன. இவையும், மகிந்திரா பொலேரோ பிக்கப் போன்றவையும் கைமாறிக் கைமாறிக் கிராமங்களுக்கு வருகின்றன. பழைய வண்டி வாங்குவதில் தாழ்வு ஒன்றும் இல்லை. ஆனால், நகையை அடகு வைத்தோ, கடன் பெற்றோ வாங்கிய வண்டி இரண்டாம் மாதமே பட்டறையில் நின்றுவிட்டால், தவணை மட்டும் நிற்பதில்லை. அந்த நிலை நேராமல் காத்துக்கொள்ளும் வழிகளையே இன்று ஆராய்வோம்.

முதலில் சுமையும் சாலையும்

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை காணுங்கள். நாம் ஏற்றப்போகும் பாரம் எவ்வளவு? நாம் போகும் பாதை எத்தகையது?

பதிவுச் சான்றில் வெற்று எடை, மொத்த எடை என்று இரண்டு எண்கள் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டிற்கும் உள்ள வித்தியாசமே அவ்வண்டி சுமக்கத்தக்க அளவாகும். ஓட்டுநரின் எடையும் இதில் அடங்கும். ஒரு டன் என்பது 50 கிலோ மூட்டையில் 20 மூட்டை. அவ்வளவே தாங்கும் வண்டியில் 35 மூட்டை ஏற்றுவது என்ற எண்ணத்துடன் வாங்கினால், அது வாங்கும் நாளிலேயே தவறான வண்டியாகும்.

சமவெளியில் ஓடும் வண்டிக்கும், எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலை ஏறும் வண்டிக்கும் வேண்டிய குணங்கள் வேறு. மலைக்குச் செல்வோர்க்கு முதல் இரண்டு கியர்களின் இழுவையே முக்கியம். நெடுஞ்சாலையில் செல்வோர்க்கு ஐந்தாவது கியரின் டீசல் சிக்கனம் முக்கியம்.

டர்போ என்பது யாது?

டீசலை எரிக்கக் காற்று வேண்டும். காற்று மிகுந்தால் டீசலை மிகுதியாக எரித்து மிகுந்த சக்தியைப் பெறலாம். எஞ்சினிலிருந்து வீணே வெளியேறும் புகையின் வேகத்தால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரத்தைக் கொண்டு காற்றை எஞ்சினுக்குள் அழுத்தி அனுப்புவதே டர்போ. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி என்பார் 1905ஆம் ஆண்டிலேயே இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். அழுத்தப்பட்ட காற்று சூடேறுமாதலால், அதனைக் குளிர்விக்க இன்டர்கூலர் என்னும் கருவியைப் பல வண்டிகளில் பொருத்துகின்றனர்.

எல்லாச் சிறு பாரவண்டிகளிலும் டர்போ உண்டு என்று எண்ண வேண்டாம். தொடக்கத்தில் வந்த டாட்டா ஏஸின் இரண்டு சிலிண்டர் எஞ்சினில் டர்போ இல்லை. தோஸ்தின் மூன்று சிலிண்டர் டீசல் எஞ்சினில் உண்டு. உதகை, கொடைக்கானல் போன்று 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த இடங்களில் காற்றின் அடர்த்தி குறைவு. அங்கே டர்போ உள்ள எஞ்சின் அதிகம் தளர்வதில்லை.

டர்போவின் அச்சு நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அவ்வச்சைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலமே. உரிய காலத்தில் எண்ணெயை மாற்றாத வண்டியில் முதலில் தேய்வது டர்போ. எனவே, முன்னாள் உரிமையாளர் வண்டியை எப்படிப் பராமரித்தார் என்பதற்கு அதுவே சாட்சி.

டர்போவைச் சோதிக்கும் முறை

வண்டியைக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்க்கச் செல்லுங்கள். நீங்கள் போகுமுன்பே எஞ்சின் சூடாக இருந்தால், காரணத்தைக் கேளுங்கள். குளிர்ந்த நிலையில் வெளிப்படும் குறைகள் சூட்டில் மறைந்துவிடும்.

புகையைக் கவனியுங்கள். நீலப் புகை எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். தொடர்ந்து வரும் கரும்புகை, காற்றுப் போதாமையையோ டீசல் மிகுதியையோ காட்டும். டர்போவின் குழாய் வெடித்திருந்தாலும் இவ்வாறு ஆகும். எஞ்சின் சூடான பின்னும் நிற்காத வெண்புகை, டீசல் சரியாக எரியாமையையோ, தண்ணீர் சிலிண்டருக்குள் கசிவதையோ காட்டும்.

எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறிய பின், காற்று வடிகட்டியிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயை மெக்கானிக்கைக் கொண்டு கழற்றச் சொல்லுங்கள். உள்ளே மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருப்பது இயல்பு. எண்ணெய் தேங்கி நின்றால் ஐயத்திற்கு இடமுண்டு. அச்சை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை அசைவு இருக்கலாம். முன்னும் பின்னும் அசைந்தாலும், சக்கரத்தின் இதழ் உறையில் உரசியிருந்தாலும், அந்த டர்போவின் ஆயுள் முடிந்ததென்று கொள்க.

1-4-2017 முதல் நாடெங்கும் பாரத் நிலை 4 விதிகளும், 1-4-2020 முதல் நிலை 6 விதிகளும் நடைமுறைக்கு வந்தன. நிலை 6 டீசல் வண்டிகளில் புகையிலுள்ள கரித்துகளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி உண்டு. சிறு தூரம் மட்டுமே ஓடிய வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஒரு விளக்கு தொடக்கத்திலேயே எரியவில்லை என்றால், குறையை மறைக்க அதனை எவரோ துண்டித்திருக்கலாம்.

கியர் பெட்டியே வண்டியின் முதுகெலும்பு

எஞ்சின் எவ்வளவு சக்தியைப் பெற்றாலும், அது சக்கரத்தைச் சேர்வது கிளட்ச், கியர் பெட்டி, நீண்ட ஷாப்டு, டிபரன்ஷியல் ஆகியவற்றின் வழியாகத்தான். டர்போவின் பெயரைச் சொல்லி விலை கூட்டும் தரகர்கள், இவற்றைப் பற்றிப் பேசுவது அரிது. ஆனால் டர்போவால் சக்தி மிகுந்த எஞ்சினின் முழு இழுவையையும் தாங்குபவை இவையே. வாங்குவோர் இவற்றுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும் என்பது நமது உறுதியான கருத்து.

சோதனை ஓட்டத்தை வெற்று வண்டியில் நடத்தினால் பயன் சிறிதே. முடிந்தால் பாரம் ஏற்றி, ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள்.

கிளட்சுக்கு ஒரு சோதனை. சமதரையில், எதிரே ஆள் இல்லாத இடத்தில், கைப்பிரேக்கை இழுத்து, மிதிப்பிரேக்கையும் அழுத்தி, நான்காவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்துவிட வேண்டும். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளட்ச் தகடு தேய்ந்துவிட்டது. மேட்டில் ஏறும்போது எஞ்சினின் இரைச்சல் கூடியும் வண்டியின் வேகம் கூடாதிருந்தால் அதுவும் இக்குறையே.

கிளட்சை மிதிக்கும்போது சத்தம் எழுந்தால், கிளட்சைத் தள்ளும் பேரிங்கில் தேய்மானம். நியூட்ரலில் நிற்கும்போது எழும் சத்தம் கிளட்சை மிதித்ததும் அடங்கினால், கியர் பெட்டிக்குள் இருக்கும் பேரிங்கில் தேய்மானம். முதலாவது சிறு செலவு. இரண்டாவது பெட்டியையே பிரிக்கவேண்டிய செலவு.

மூன்றாவதிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கிப் பாருங்கள். கறகறவென்று ஒலித்தால், பற்களின் வேகத்தை ஒன்றுபடுத்தும் வளையம் தேய்ந்திருக்கும். ஒவ்வொரு கியரிலும் ஆக்சிலேட்டரை அழுத்தியும் விட்டும் பாருங்கள். கியர் தானே நழுவி நியூட்ரலுக்கு வந்தால், அவ்வண்டியைத் தொடவேண்டாம். மலைச்சரிவில் பாரத்துடன் இறங்கும்போது கியர் நழுவினால், எஞ்சினின் தடை போய், முழுச்சுமையும் பிரேக்கின் மேல் விழும். அது பணத்தைப் பற்றிய செய்தி அன்று, உயிரைப் பற்றியது.

புறப்படும்போது அடியில் 'டக்' என்று ஒலித்தால் ஷாப்டின் கிராஸ் தேய்ந்திருக்கலாம். குறிப்பிட்ட வேகத்தில் பின்புறம் ஊளையிட்டால் டிபரன்ஷியலின் கிரௌன் தேய்ந்திருக்கலாம். கியர் எண்ணெயைச் சிறிது இறக்கிப் பாருங்கள். நுண்ணிய சாம்பல்நிறப் பசை இருப்பது இயல்பு. இரும்புச் சில்லுகள் இருந்தால் பல் உடைந்துவருகிறது என்று பொருள்.

தானே கியர் மாறும் வண்டிகளும் இப்போது உண்டு. 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் அறிமுகமான டொயோட்டா ஹைலக்ஸ் இவ்வகையிலும் கிடைக்கும். இவற்றில் கியர் எண்ணெய் கருத்துத் தீய்ந்த வாடை வீசினாலும், கியரில் இட்டபின் சில விநாடி தயங்கிப் பின் உதறிப் புறப்பட்டாலும் விலகிவிடுங்கள். நல்ல நிலையில் இருந்தாலும், அதனைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் எத்தனை மைல் தொலைவில் உள்ளார் என்று விசாரித்த பின்னரே முடிவு செய்க. கிராமத்துக்குக் கையால் மாற்றும் ஐந்து கியர் பெட்டியே இன்றும் ஏற்றது.

கடந்த கால வாழ்வின் அடையாளங்கள்

பின் அச்சின் வில்லில் கூடுதல் பட்டைகள் சேர்க்கப்பட்டுள்ளனவா? சட்டத்தில் பற்றவைத்த ஒட்டுகள் உண்டா? இருந்தால், அவ்வண்டி அளவுக்கு மீறிச் சுமந்த வண்டியாகும். இழுவையைக் கூட்ட டர்போவின் அழுத்தத்தையோ டீசல் அளவையோ உயர்த்தியிருந்தால், அந்த மிகுதியைக் கிளட்சும் கியர் பெட்டியும் நெடுநாள் தாங்கமாட்டா. 'எஞ்சினில் வேலை செய்திருக்கிறோம், பறக்கும்' என்று விற்பவர் பெருமை பேசினால், அதனை எச்சரிக்கையாகவே கொள்ளுங்கள்.

பத்திரங்கள்

எஞ்சின் எண்ணையும் சட்ட எண்ணையும் பதிவுச் சான்றுடன் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டியின் மேல் கடன் இருந்திருந்தால், அது தீர்ந்தமைக்குப் படிவம் 35 வேண்டும். உரிமை மாற்றத்திற்குப் படிவம் 29, 30 வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, மாநிலத்திற்குள் கைமாறும் வண்டிக்கு விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். பதிவில் எவர் பெயர் உள்ளதோ அவரே விபத்துக்குப் பொறுப்பாவார் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே, பெயர் மாற்றுவதை விற்பவரும் வாங்குபவரும் தள்ளிப்போடுதல் ஆகாது.

தகுதிச் சான்று எட்டு ஆண்டு வரையுள்ள பாரவண்டிக்கு இரண்டாண்டும், அதற்கு மேற்பட்டதற்கு ஓராண்டும் செல்லும். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத பாரவண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. காப்பீடு எல்லாவற்றிற்கும் கட்டாயம்.

பாரவண்டியில் களையெடுக்கும் பெண்களையும் திருவிழாவுக்குச் செல்வோரையும் ஏற்றிச் செல்லும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அவ்வண்டி மனிதருக்காகச் செய்யப்பட்டதன்று. விபத்து நேர்ந்தால் இழப்பீடு பெறுவதும் கடினமாகிவிடும். ஊராட்சி உறுப்பினர்கள் இதனைத் தத்தம் ஊரில் கண்டிப்புடன் தடுக்க வேண்டும்.

வாங்கிய பின்

கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு பங்கைப் பழுதுபார்க்க ஒதுக்குங்கள். வாங்கிய முதல் வாரத்திலேயே எஞ்சின் எண்ணெய், வடிகட்டிகள், கியர் எண்ணெய் ஆகியவற்றை மாற்றிவிடுங்கள்.

காலையில் எஞ்சினை இயக்கியவுடன் விரட்டாதீர்கள். எண்ணெய் டர்போவைச் சென்று சேரட்டும். மலையேறி வந்து நின்றவுடன் எஞ்சினை அணைக்காதீர்கள்; ஓரிரு நிமிடம் மெல்ல ஓடி டர்போ ஆறட்டும். உயர்ந்த கியரில் திணறவிட்டு இழுக்காதீர்கள். அரைக் கிளட்சில் வண்டியை மேட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். ஏறிய கியரிலோ, அதற்கும் கீழான கியரிலோ இறங்குங்கள்.

தனியொருவரால் இயலாததைப் பலர் சேர்ந்து செய்யலாம். நான்கைந்து விவசாயிகள் கூடியோ, உழவர் உற்பத்தியாளர் குழுவின் வாயிலாகவோ ஒரு வண்டியை வாங்கினால் செலவு பகிரப்படும். வண்டியும் சும்மா நிற்காது. ஆனால் யார் ஓட்டுவது, எண்ணெய் மாற்றிய தேதியை யார் குறித்து வைப்பது என்பதை முதல் நாளே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பொதுவான வண்டி கவனிப்பாரற்றுக் கெடுவதற்கு இக்கணக்கு இல்லாமையே காரணம்.

மாடு வாங்கும்போது பல்லைப் பிடித்துப் பார்த்து, நடக்கவிட்டு, ஏரில் பூட்டிப் பார்த்தே நம் முன்னோர் விலை பேசினர். அந்த நிதானம் பிக்கப் வண்டிக்கும் வேண்டும். பளபளக்கும் வர்ணத்தைக் கண்டு அவசரப்படாமல், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவருடன் சென்று, பாரம் ஏற்றி, மேட்டில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். அவ்வாறு வாங்கிய வண்டி உங்கள் விளைபொருளை வேளைக்குச் சந்தை சேர்க்கும் என்று கூறி, இவ்வுரையை முடித்துக்கொள்கிறோம்.