தொரப்பள்ளிக்காரரின் வாதம்

கட்சிக்காரருக்காக வாதாடினால் வக்கீலுக்கு ஃபீஸ் வரும். சொந்தக் கருத்துக்காக வாதாடினால்? ராஜாஜியைக் கேட்க வேண்டும். ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்து, சேலத்தில் பேர் எடுத்த வக்கீல்.

1942, அலகாபாத். காங்கிரஸ் கமிட்டிக் கூட்டம். கறுப்புக் கண்ணாடிக்காரர் ராஜாஜி எழுந்து, முஸ்லிம் லீக் கேட்கும் பிரிவினையை ஒப்புக்கொண்டு சமரசம் பேசுவோம் என்றார். ஒரே கூச்சல். ஆதரவு 15, எதிர்ப்பு 120. கொஞ்ச நாளில் கட்சியை விட்டே விலகினார். காந்தியும் அவர் பக்கம் இல்லை; இத்தனைக்கும் இருவரும் சம்பந்திகள்!

1944 செப்டம்பர். ராஜாஜி வகுத்த சமரசத் திட்டத்தோடு லீக் தலைவர் ஜின்னா வீட்டுக்கே பேசப் போனார் ஒருவர். பேச்சு முறிந்தது, அது வேறு கதை. போனவர் காந்தி.

தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு இப்போது நினைவில்லம். ஓசூர் பக்கம் போனால் ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள்.